கரடி குதித்தால் ஆமாம்

வாடகைக் கார் அலுவலகத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்த ஓட்டுநர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில் பலகை தடுத்த ஒரு சின்ன அறை. சுவரை அடைத்துக்கொண்டு நகரத்தின் வரைபடம். மேசையில் ஒரு மைக், இரண்டு தொலைபேசிகள், மூடி வைத்த ஒரு டம்ளர் தண்ணீர். விடிவதற்குள் வந்து உட்கார்ந்தாள் என்றால் மதியம் வரை வாய் ஓயாது.

“பாலத்துக்குக் கீழ யார் இருக்கீங்க? ஒரு அம்மா பெரிய பெட்டியோட நிக்கிறாங்க, போய் ஏத்திக்கோங்க.”

“அந்தத் தெருவுல குழி தோண்டி வச்சிருக்கான், சுத்திப் போங்க.”

யாராவது ஓட்டுநர் குரலை உயர்த்தினால் அவள் தன் குரலைத் தாழ்த்துவாள். அதிலேயே அவன் அடங்கிவிடுவான்.

கல்யாணம் அவளுக்கு ஒருமுறை கூடிவந்து நின்றுபோனது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததுமில்லை. தங்கையின் வீட்டில் பின்பக்க அறையில் இருந்தாள். தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருகிறார் என்று சொல்வதற்குள் கிளம்பிவிடுவார். தங்கை மழலையர் பள்ளி ஆசிரியை. பகல் வரை பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்து, மிச்சம் இருக்கும் அதட்டலை அக்காவிடம் செலவழிப்பாள்.

பேசிப் பேசியே அவளுக்குத் தொண்டை கெட்டுப்போனது. குரல்நாண் வீங்கியிருக்கிறது, கொஞ்ச காலம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சே பிழைப்பாக இருந்தவளுக்கு அது சிறைவாசம் போல இருந்தது. தங்கையின் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன விளையாட்டுப் பெட்டி ஒன்று டிவிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. கை சும்மா இருக்க முடியாமல் அதைத் துடைத்து டிவியில் போட்டாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. பொம்மைப் போர்.

ஆள் இல்லாத ஒரு பெரிய வீடு. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மேசை இழுப்பறையில் எல்லாம் தொலைந்துபோன பொம்மைகள் ஒளிந்திருக்கும். துரத்திப் பிடித்து முதுகில் சாவி கொடுத்தால் அது நம்முடையது. பிறகு சாப்பாட்டு மேசைமேல் சண்டை. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், எல்லாரும் எங்கெங்கோ இருந்து இணையத்தில் ஆடுகிறவர்கள். மேசையிலிருந்து விழுந்த பொம்மை அவுட். ஒரு பக்கத்தின் இரண்டு பொம்மைகளும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. போகப் போக மேசை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு தட்டு அளவுக்கு வந்து நின்றுவிடும்.

முதலில் ஒரு தகரத் தவளையைப் பிடித்தாள். பலமில்லாத பொம்மை, யாரும் சீண்டமாட்டார்கள். ஆனால் அதன் காலில் ஒட்டும் தன்மை உண்டு. மேசை விளிம்பில் தலைகீழாகத் தொங்கிவிட்டு மறுபடி ஏறிவிடும். அவளுக்கு அது பிடித்துப்போனது. குரல் திரும்பி வேலைக்குப் போன பிறகும் அவள் விடவில்லை. மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். பொம்மைகள் சேர்ந்துகொண்டே போயின. சாவி யானை, மரக் கோழி, கொட்டு அடிக்கும் குரங்கு என்று ஒரு படையே வைத்திருந்தாள். தங்கை கதவுக்கு வெளியே நின்று சொல்வாள்: “தலை நரைச்ச காலத்துல பொம்மை விளையாட்டு. என் கிளாஸ்ல சேந்துடேன், இடம் இருக்கு.”

இந்த விளையாட்டில்தான் கரடி அவளுக்குக் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். ஒரு கால் இல்லாத துணிக்கரடியை வைத்துக்கொண்டு ஆடும், ஹெட்செட்டில் மட்டும் கேட்கும் ஒரு ஆண் குரல். நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். “தவளை, கொஞ்சம் பின்னால வாங்க. நான் முன்னால போறேன்.” “கரடி, உங்க முதுகுக்குப் பின்னால குரங்கு நிக்குது.” இரண்டு வருஷமாக இதுதான் அவர்களுடைய பேச்சு. பெயர் கேட்டதில்லை. வீடு, வேலை, குடும்பம் எதுவும் கேட்டதில்லை. ஒருநாள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போய், ஒரே நேரத்தில் வந்தது. “நீங்களும் இந்த ஊர்தானா?” என்றார் அவர். “அப்படித்தான் போல” என்றாள் இவள். அதற்கு மேல் இருவருமே தோண்டவில்லை.

அன்றைக்கு மதியம் ஆரம்பத்திலிருந்தே கரடியின் குரல் சரியில்லை.

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு தவளை.”

“அப்ப போய்ப் படுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“ஒரே ஒரு ஆட்டம். முடிச்சுட்டுப் படுக்கிறேன்.”

எதிர்ப்பக்கம் யாரோ இரண்டு பேர், ஒருவருடையது பம்பரம், இன்னொருவருடையது இரும்பு நண்டு. ஆட்டம் தொடங்கியது. பம்பரம் சுழன்றுகொண்டு வந்தது. கரடியோ மேசை நடுவில் இருந்த உப்பு ஜாடியில் முட்டி முட்டி நின்றது.

“கரடி, உப்பு ஜாடியோட என்ன சண்டை? பம்பரம் வருது, திரும்புங்க!” என்று சிரித்தாள்.

பதிலாக ஒரு சத்தம் வந்தது. வார்த்தை மாதிரி இருந்தது, வார்த்தை இல்லை. நாக்கு வாய்க்குள்ளேயே புரண்டது போல. பிறகு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். பிறகு கனமான ஏதோ ஒன்று தரையில் விழுந்தது.

அவள் சிரிப்பு நின்றது.

“கரடி? கரடி, கேக்குதா?”

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து விடும் மூச்சு.

மைக் முன்னால் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் விபத்துகளைக் கேட்டிருக்கிறாள். ஒரு ஓட்டுநர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டதையும் கேட்டிருக்கிறாள். இது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரல் தானாகவே தாழ்ந்தது.

“கரடி, பயப்படாதீங்க. நான் இருக்கேன். பேச வேண்டாம். கையில பட்டன் இருக்கா? இருந்தா குதிங்க.”

திரையில் கரடி அசையவில்லை. பம்பரம் அதை நோக்கி வந்தது. அவள் தவளையைக் குறுக்கே பாய்ச்சித் தடுத்தாள். அதற்குள் ஒற்றைக் காலோடு கரடி ஒரு குதி குதித்தது.

“தங்கச்சி!” என்று கத்தினாள். “போனை எடுத்துட்டு ஓடி வா!”

தங்கை ஈரக் கையோடு வந்து நின்றாள். “என்ன அக்கா, தீப்பிடிச்ச மாதிரி?”

“என் கூட ஆடறவர் விழுந்து கிடக்கிறார். பேச்சு வரல. ஆம்புலன்ஸுக்குப் போடு.”

“யாரு? எங்க இருக்காரு?”

“தெரியாது.”

“பேரு?”

“தெரியாது. கரடி.”

தங்கை ஒரு கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் முகவரி கேட்டார்கள். “அட்ரஸ் இன்னும் தெரியாதுங்க. கரடி சொல்லிட்டு இருக்கு.” அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, தங்கை திணறினாள். “விளையாட்டா? ஆமாங்க. இல்லீங்க, விளையாட்டுதான், ஆனா விளையாட்டு இல்லீங்க! தயவுசெஞ்சு போனை வைக்காதீங்க, உயிர் போற விஷயம்.”

“விளையாட்டுக் கம்பெனியைக் கேக்கலாமா அக்கா? அவங்ககிட்ட விலாசம் இருக்காதா?”

“அவங்களைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள இவர் போயிடுவார். நீ லைன்ல இரு.”

அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. கூட்டாளிகள் இருவரும் பேசிக்கொள்ளும் வழி ஆட்டம் நடக்கும்வரைதான் திறந்திருக்கும். தோற்றால் அறுந்துபோகும். ஜெயித்தாலும் அறுந்துபோகும். மறுபடி சேர வேண்டுமானால் அவர் திரையில் நான்கைந்து கட்டங்கள் வரும், ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழுத்த வேண்டும். தரையில் கிடக்கிறவரால் அது ஆகாது. எதிராளிகளிடம் விஷயத்தைச் சொல்லவும் வழியில்லை. ஆகவே தோற்கவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது. மேசையோ சுருங்க ஆரம்பித்துவிட்டது.

“கரடி, நான் கேக்கறதுக்கு ஆமான்னா குதிங்க. இல்லைன்னா சும்மா இருங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம், மார்க்கெட் இருக்கிற பக்கமா?”

கரடி நின்றது. நண்டு கொடுக்கை விரித்துக்கொண்டு வந்தது. அவள் தவளையை அதன் முதுகில் ஏற்றி அந்தப் பக்கமாகத் திருப்பினாள்.

“அப்ப அந்தப் பக்கமா?”

குதித்தது.

“ஆத்துக்கு அந்தப் பக்கம்னு சொல்லு” என்றாள் தங்கையிடம். அலுவலகச் சுவரில் இருந்த வரைபடம் அவள் கண்ணுக்குள் விரிந்தது. “ரயில் கேட்டைத் தாண்டியா? தாண்டாமலா? தாண்டின்னா குதிங்க.” அசைவில்லை. “பெரிய ஆஸ்பத்திரி ரோடா?” இல்லை. “தண்ணித் தொட்டித் தெருவா?”

கரடி துள்ளியது.

“தண்ணித் தொட்டித் தெரு! வண்டியைக் கிளம்பச் சொல்லு!”

தங்கை போனில் திருப்பிச் சொன்னாள். வண்டி கிளம்பியது என்றார்கள். இவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தெருவின் ஒவ்வொரு கட்டடமாகக் கேட்டாள். முனையில் இருக்கும் பழைய வீடா? மருந்துக்கடை மாடியா? பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடா? கரடி மரம் போல நின்றது. கேள்விகள் தீர்ந்துபோயின. அந்தத் தெருவில் வேறு கட்டடமே இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முன்பு கரடி துள்ளியபோது பம்பரம் பக்கத்தில் இருந்தது. கரடி குதிக்கவில்லை. பம்பரம் இடித்திருக்கிறது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தங்கையைக் கூப்பிட்டாள்.

“தப்புப் பண்ணிட்டேன்” என்றாள். “அந்தத் தெரு இல்ல.”

“வண்டி பாதி தூரம் போயிடுச்சு அக்கா!”

“நிறுத்தி வைக்கச் சொல்லு. நான் கேட்டுச் சொல்றேன்.”

“அவங்க கத்தறாங்க.”

“கத்தட்டும்.”

முதல் காரியமாக அந்தப் பம்பரத்தை ஒழிக்க வேண்டும். இரண்டில் ஒன்று போனால் ஆட்டம் முடியாது. தவளையை மேசை விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். பம்பரம் ஆசையோடு பாய்ந்து வந்தது. கடைசி நொடியில் தவளை விளிம்புக்கு அடியில் தொங்கிக்கொண்டது. பம்பரம் வந்த வேகத்தில் மேசையைத் தாண்டிப் போய் விழுந்தது. இன்னொரு நாளாக இருந்தால் கரடி ‘பலே’ என்றிருப்பார். இப்போது இழுக்கும் மூச்சு மட்டும்தான் கேட்டது. அதுவும் முன்னைவிட மெதுவாக.

“கரடி, மன்னிச்சிடுங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். இனிமே எல்லாத்தையும் ரெண்டு தடவை கேப்பேன். கோவிச்சுக்காதீங்க. அச்சகத் தெருவா?”

நீண்ட இடைவெளி. பிறகு ஒரு குதி.

“இன்னொரு தடவை. அச்சகத் தெருவா?”

குதி. நண்டு அப்போது தூரத்தில் இருந்தது.

“அச்சகத் தெரு. திருப்பச் சொல்லு வண்டியை.” அந்தத் தெருவில் ஆள் ஏற்ற அவள் எத்தனையோ கார்களை அனுப்பியிருக்கிறாள். “பச்சைக் கேட் போட்ட அடுக்குமாடியா? மறுபடியும் கேக்கிறேன், பச்சைக் கேட்டா?” இரண்டு தடவையும் குதித்தது. இரண்டாவது குதி வரும் முன் அவளுக்குப் பாதி உயிர் போய் வந்தது.

மேசை இப்போது தலையணை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒதுங்க இடமில்லை. நண்டை ஆடுகிறவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அடிக்க வாய்ப்பு இருந்தும் அடிக்காத ஒரு தவளை, நின்ற இடத்தில் சும்மா குதிக்கும் ஒரு கரடி. கேலி செய்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, ஆவேசமாக வந்தான்.

“எத்தனாவது மாடி? கீழ்த்தளமா? முதல் மாடியா? ரெண்டாவதா? மூணாவதா?”

கரடி எழும்பியது. அதே நேரத்தில் நண்டும் இடித்தது. கரடி மேசையிலிருந்து உருண்டு விழுந்தது.

குதித்ததா? இடிபட்டதா? கேட்க இனி வழியில்லை. விழுந்த பொம்மை விழுந்ததுதான்.

“எந்த மாடி அக்கா? சொல்லு! கேக்கறாங்க!”

“மூணாவது. இல்ல, தெரியல. மூணாவதுல இருந்து ஒவ்வொரு கதவா தட்டச் சொல்லு.”

இனித் தவளை மட்டும்தான். அது விழுந்தால் அவர் காதில் இவள் குரலும் நின்றுவிடும். அவரால் கேட்க முடிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. தட்டு அளவுள்ள மேசைமேல் நண்டு துரத்த, தவளை விளிம்பில் தொங்கியும் ஏறியும் சுற்றிச் சுற்றி வந்தது. விரல் அதுபாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

“கரடி, வண்டி உங்க தெருவுக்கு வந்தாச்சு. கேட்டுக்கு வந்தாச்சு. தூங்கிடாதீங்க. நான் எங்கயும் போகல. இந்த நண்டைப் பாருங்க, என்னைத் துரத்தித் துரத்தி அவனுக்கே தலை சுத்தும். மூச்சை விடுங்க. இன்னொரு மூச்சு. அப்படித்தான்.”

தங்கை அவள் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

“மேல ஏறிட்டாங்களாம். மூணாவது மாடியில தட்டறாங்களாம்.”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கூர்மையாக்கினாள். கேட்டது. டொக் டொக் என்று எங்கோ தொலைவில், சுவருக்கும் தரைக்கும் உள்ளேயிருந்து வருவது போல. அவர் தரையில் கிடக்கிறார். தரைதான் அந்தச் சத்தத்தைக் கொண்டுவருகிறது.

“கீழே இருந்து வருது சத்தம்! மேல போகச் சொல்லு! நாலாவது!”

தங்கை போனில் கத்தினாள். “நாலாவதுங்க, நாலாவது!”

சற்று நேரம் ஒன்றுமில்லை. கரடியின் மூச்சு, தகரத் தவளையின் கிரீச் கிரீச். பிறகு ஓடும் காலடி. பிறகு கதவு தட்டும் சத்தம், இந்த முறை காதை அறைவது போல.

“அந்தக் கதவுதான்! உடைக்கச் சொல்லு!”

மரம் பிளக்கும் ஓசை. பல குரல்கள். “சார், சார், கண்ணத் திறங்க.” “மூச்சு இருக்கு.” “தலையைப் பிடி, மெதுவா.” அப்புறம் காதுக்குள் சரசரப்பு. யாரோ அவர் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றியிருக்க வேண்டும். ஒரு பெண் குரல் மிக அருகில் கேட்டது. “ஹலோ? யாருங்க லைன்ல?”

மைக் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நண்டு இடித்தது. தவளை விழுந்தது, இணைப்பு அறுந்தது. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்து நண்டின் வெற்றியைக் கொண்டாடின.

தங்கை அக்காவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூளையில் ரத்தக் கட்டு. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தங்கைதான் அங்கே போன் பண்ணி, தவளை கரடிக் கதையைச் சொல்லி விசாரித்திருந்தாள். பார்வையாளர்களை விட ஆரம்பித்ததும் மைக் அக்கா போனாள். கட்டிலருகே இருந்த பெண், அவருடைய அக்கா, எழுந்து வந்து கேட்டாள்: “நீங்கதான் தவளையா?” அந்த வார்டில் அப்படி ஒரு கேள்விக்குத் தலையாட்டுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கரடி மெலிந்த மனிதர். ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் உதவியாளர். மனைவியைப் பிரிந்து தனியாக இருந்தவர். வலது பக்கம் செயலிழந்திருந்தது. அவளைப் பார்த்தார், வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார், வரவில்லை. எரிச்சலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் போயிருக்கவே கூடாதோ என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து விளையாட்டைத் திறந்தால் உள்ளே விடவில்லை. அன்றைய எதிராளிகள் புகார் கொடுத்திருந்தார்கள். வேண்டுமென்றே ஆட்டத்தை இழுத்தடித்து எதிராளியை அவமதித்த குற்றத்துக்காக அவளுக்குத் தற்காலிகத் தடை. தங்கைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். “எவன் அவன் நண்டு? என்கிட்ட அனுப்பு, மூலையில நிக்க வைக்கிறேன்!” அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. “இழுத்தடிச்சது நிஜம்தானே” என்றாள்.

அவருக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முழுசாக இல்லை. சொற்கள் தேடித் தேடி வந்தன. சில சமயம் வேறு சொல் வந்து நின்றது. நடக்கக் கைத்தடி வேண்டியிருந்தது. கல்லூரியில் அரை நாள் வேலை கொடுத்தார்கள். தன் அக்கா வீட்டுக்குக் குடிமாறினார். ஒருமுறை மைக் அக்காவையும் தங்கையையும் அங்கே சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனார்கள். அவருடைய அக்காவும் இவளுடைய தங்கையும் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். தவளையும் கரடியும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரமே ஒரு மதியம் ஹெட்செட்டில் அந்தக் கரகரத்த குரல் வந்தது. “தவளை. ஆட… ஆடலாமா?”

ஆடினார்கள். வலது கை சொன்னபடி கேட்காததால் கண்டபடி ஆடினார். தொடர்ந்து தோற்றார்கள். ஒருநாள் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் கரடி போய் தவளையையே தள்ளிவிட்டது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கண்ணை எங்க வச்சிருக்கீங்க? இப்படி ஆடினா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

ஐயோ, இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வேற ஆளு…” என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. “உங்க வாய்க்கு… எவன்… வருவான்?”

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, அக்கா சிரிப்பதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.